வாயால் உண்ணும் துவக்கு

முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் நோக்கிச் செல்லும் கரையோரப் பாதையிலே, செம்மலையைக் கடந்து தெற்கே போகிறவர்கள் நாயாற்றுப் பாலத்தில் சிறிது நேரம் நின்று பாராமல் அப்பாற் செல்வதில்லை. கிழக்கே கடல், மேற்கே களப்பு, இரண்டையும் இணைக்கும் ஒரு குறுகிய வாய். அந்த வாயருகே வலை பொத்துபவர்களும், தோணியைக் கரையேற்றுபவர்களும், கரைவலைக் கயிற்றைச் சுருட்டுபவர்களுமாக எப்போதும் ஒரு சிறு கூட்டம் இருக்கும்.

அண்மையில் உயர்தர வகுப்பிற் படிக்கும் என் மருமகனுடன் அங்கே போயிருந்தேன். முதல் நாள் இரவு அவன் ஒரு திரைப்படம் பார்த்திருந்தான். அதிலே ஒரு கடற்கொள்ளைக்காரன் இடுப்பிலிருந்து பழைய காலத்துக் கைத்துப்பாக்கி ஒன்றை உருவி, மூச்சு விடுமுன் ஆறு பேரைச் சுட்டு வீழ்த்தினானாம்.

“மாமா, அந்தத் துப்பாக்கியிலே குண்டை எங்கே போடுவார்கள்? பின்னாலே திறக்கிற இடம் ஒன்றுமே இல்லையே!” என்று கேட்டான்.

நான் விடை சொல்ல வாயெடுக்குமுன், பூவரச நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் முந்திக்கொண்டார்.

“வாய்க்குள்ளே போடுவினம், தம்பி. அது வாயாலே தின்னுற சாமான். ஒருக்கால் தின்னக் குடுத்தால் ஒருக்கால்தான் வெடிக்கும். ஆறு பேரைச் சுட்டவன் ஆறு துவக்கு வைச்சிருந்திருப்பான்!”

சிரித்துவிட்டு அவர் எழுந்து குடிலுக்குட் சென்று, விரல் பருமனில் நீண்டதொரு வீரைமரக் கோலைக் கொண்டுவந்தார். எண்ணெயும் புகையும் ஏறிக் கறுத்த கோல். அதன் நுனி தேய்ந்திருந்தது. மேற்பாதியிலே, ஒன்றுக்கொன்று நான்கு விரற்கடை இடைவெளியில், கத்தியாற் கீறிய இரண்டு வெட்டுக்கள் இருந்தன.

“இது எங்கடை அப்புவின்ரை இடியனுக்கு இடிச்ச கோல். துவக்கை எப்பவோ பொலிசிலே ஒப்படைச்சாச்சு. கோல் மட்டும் மிஞ்சினது. 84ஆம் ஆண்டு இங்கேயிருந்து வெளிக்கிட்டபோது அம்மா இதை ஊன்றிக்கொண்டுதான் நடந்தவ.”

“அந்த இரண்டு வெட்டும் எதற்கு, ஐயா?” என்று மருமகன் கேட்டான்.

“அதுதான் தம்பி, அப்புவின்ரை உயிரைக் காப்பாத்தினது” என்றார் அவர்.

அந்த இரண்டு வெட்டுக்களின் கதையே இவ்வாரம் இப்பகுதியில் நாம் பேசப்போவது.

முன்வாய்வழி மருந்தும் குண்டும் இடப்படும் துவக்கை நம் வன்னியில் இடியன் துவக்கு என்பார்கள். இடித்து நிரப்புவதால் வந்த பெயர். சமையலறை உரலும் உலக்கையும் போலக் குழலும் கோலும் அதற்கு இன்றியமையாதவை. பழங்காலத்துக் கைத்துப்பாக்கியும் இதே குடும்பத்துப் பிள்ளைதான். உருவம் சிறிது, உணவு முறை ஒன்று.

அவ்வுணவின் முதற் கவளம் கரிமருந்து. வெடியுப்பு, கெந்தகம், மரக்கரி ஆகிய மூன்றும் சேர்ந்த கலவை அது. மூன்றனுள் பெரும்பங்கு வெடியுப்புக்கே உரியது. கரியும் கெந்தகமும் எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவை அதுவே கொடுக்கிறது. அக்காரணத்தால் வெளிக்காற்றுப் புகாத குழலுக்குள்ளும் மருந்து எரிகிறது. வங்காளத்திலும் பீகாரிலும் விளைந்த வெடியுப்புக்காகவே ஐரோப்பியக் கம்பனிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. நம் நாட்டிலும் கண்டிப் பிரதேசத்துக் குகைகளில் வௌவால் எச்சம் ஊறிய மண்ணிலிருந்து வெடியுப்பு எடுக்கப்பட்டது. 1821ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் ஜோன் டேவி என்னும் ஆங்கில மருத்துவர் அக்குகைகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

இரண்டாவது கவளம் குண்டு. பெரும்பாலும் ஈயம். ஈயம் ஏறக்குறைய 327 பாகை சென்ரிகிரேட்டில் உருகிவிடும்; விறகடுப்பின் தணலே போதும். உருகியதை அச்சில் வார்த்தால் உருண்டை கிடைக்கும். வலைக்குக் கட்டும் ஈயமணியே அந்நாளில் வேட்டைக்குச் சன்னமாகவும் மாறியது என்று நாயாற்றுப் பெரியவர் சொன்னார்.

இனித்தான் நுட்பம் வருகிறது. குண்டின் பருமன் குழலின் துளையோடு எவ்வாறு பொருந்த வேண்டும்? சற்றுச் சிறியதா, சரி அளவா, சற்றுப் பெரியதா? இந்த ஒரு கேள்விக்கு மனிதன் நானூறு ஆண்டுகளாக வெவ்வேறு விடைகளைச் சொல்லி வந்திருக்கிறான்.

முதல் விடை: சிறியதாக இருக்கட்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலப் படைவீரன் தோளிற் சுமந்த துவக்கின் துளை ஏறக்குறைய 0.75 அங்குலம், அவன் இட்ட குண்டோ ஏறக்குறைய 0.69 அங்குலம். இத்தனை இடைவெளி ஏன்? விரைவுக்காக. குண்டு தடையின்றி உருண்டு உள்ளே போகும். தேர்ந்த வீரன் ஒரு நிமிடத்தில் மூன்று முறை சுடலாம். ஆனால் அந்த இடைவெளியாலேயே குண்டு குழலின் இரு பக்கமும் முட்டிமோதி, வாயை விட்டுப் புறப்படும்போது எந்தப் பக்கத்தைக் கடைசியாகத் தொட்டதோ அதற்கேற்பத் திசை மாறிப் போகும். விரைவை வாங்கியவன் குறியை விற்றுவிட்டான்.

இரண்டாவது விடை: குண்டு சற்றுச் சிறியது, ஆனால் அதற்கு ஒரு சட்டை போடு. கொழுப்புத் தடவிய ஒரு சிறு துணித்துண்டைக் குழலின் வாயிலே விரித்து, அதன்மேற் குண்டை வைத்து, இரண்டையும் சேர்த்துக் கோலால் உள்ளே தள்ளுவது இம்முறை. அரை அங்குலத் துளையுள்ள குழலுக்கு 0.49 அங்குலக் குண்டு. எஞ்சிய இடத்தைத் துணி நிரப்பும். குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டப்பட்ட காடிகளைத் துணி பற்றிக்கொண்டு குண்டையும் பம்பரம்போற் சுழற்றும். சுழலும் பம்பரம் சாயாது நிற்பதுபோலச் சுழலும் குண்டும் தன் வழியை விட்டு விலகாது. பந்தயம் சுடுவோரின் ஒற்றைக் கைத்துப்பாக்கிகளில் இன்றும் இம்முறையே வழங்குகிறது.

மூன்றாவது விடை: குண்டு பெரியதாக இருக்கட்டும். இது சுழல் துப்பாக்கிக்கு உரியது. அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் 1836ஆம் ஆண்டில் தம் நாட்டில் உரிமை பெற்ற அமைப்பு அது. குழலுக்குப் பின்னால் ஐந்து அல்லது ஆறு அறைகள் கொண்ட உருளை. ஒவ்வோர் அறைக்கும் முன்வாயாலேயே மருந்தை இட்டு, அதன்மேல் அறையின் வாயைவிடச் சற்றுப் பெரிய மெல்லீயக் குண்டை வைத்து, துப்பாக்கியிலேயே பொருத்தியிருக்கும் நெம்புகோலால் அமுக்குவார்கள். குண்டு உள்ளே இறங்கும்போது அதன் இடுப்பைச் சுற்றி மெல்லிய ஈய வளையம் ஒன்று சீவப்பட்டு வெளியே விழும். 36 எனப் பெயர் பெற்ற கோல்ட் துப்பாக்கிக்கு இன்று ஆர்வலர் இடும் உருண்டையின் விட்டம் 0.375 அங்குலம், 44 எனப்படுவதற்கு 0.451 அல்லது 0.454 அங்குலம். பெயரில் உள்ள எண்ணுக்கும் குண்டின் அளவுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். சீவப்பட்ட அந்த வளையம் முழுவட்டமாக விழுந்தால், குண்டு அறையைச் சுற்றிலும் இறுக அடைத்துவிட்டது என்பது பொருள். வளையம் விழாவிட்டால் எங்கோ இடைவெளி இருக்கிறது.

இடைவெளி இருந்தால் என்ன? ஓர் அறை வெடிக்கும்போது எழும் தீ, பக்கத்து அறையின் குண்டுக்கும் சுவருக்கும் இடையே நுழைந்து அங்குள்ள மருந்தையும் பற்றவைக்கலாம். ஒரு விசைக்கு இரண்டு மூன்று அறைகள் சேர்ந்து வெடித்தால், குழலுக்கு நேரே இல்லாத அறையின் குண்டு எங்கே போகும்? சுடுபவனின் முன்கைக்கும் அது அயலல்ல. எனவேதான் குண்டு சரியான அளவினதாயிருத்தல், அதன்மேற் கொழுப்புப் பூசுதல், பின்புறத்துக் கேப்புகள் தளராது பொருந்தியிருத்தல் ஆகிய மூன்றும் வற்புறுத்தப்படுகின்றன.

கேப்பு என்றதும் திருவிழாக் கடையில் வாங்கிய விளையாட்டுத் துவக்கு நினைவுக்கு வருகிறதா? உறவு உண்டு. முற்காலத்தில் மருந்தைப் பற்றவைத்தது எரியும் திரி. பின்னர்ச் சக்கிமுக்கிக் கல். கல் உருக்கில் உரசித் தெறிக்கும் பொறி ஒரு சிறு கிண்ணத்திலுள்ள மருந்தைப் பற்றவைக்க, அத்தீ சிறு துளைவழியே உள்ளே போகும். கிண்ணம் மினுங்குவதற்கும் குண்டு புறப்படுவதற்கும் இடையே கண்ணிமைக்கும் நேரம் உண்டு. ஸ்கொட்லாந்திலே அலெக்சாண்டர் போர்சைத் என்ற கிறிஸ்தவ போதகர் நீர்ப்பறவை வேட்டையில் ஆர்வமுள்ளவர். கிண்ணத்தின் மினுக்கத்தைக் கண்டே பறவைகள் தப்பிவிடுகின்றன என்று அவர் மனம் சலித்தாராம். தட்டினால் வெடிக்கும் இரசாயனப் பொருளைக்கொண்டு தீமூட்டும் முறைக்கு அவர் 1807ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். அதன் வழிவந்ததே செப்புக் கேப்பு. நாயாற்றுக் களப்பில் தாராவுக்குக் காத்திருந்த நம் வேட்டைக்காரனின் மனவருத்தமும் அந்தப் போதகரின் மனவருத்தமும் ஒன்றே அன்றோ!

குண்டின்மேற் பூசும் கொழுப்பும் அற்ப விடயமன்று. கரிமருந்து எரிந்தால் அதில் பாதிக்கு மேற்பட்ட பங்கு திடப்பொருளாகவே எஞ்சிக் குழலில் அடையாகப் படியும். நாலைந்து முறை சுட்டபின் அடுத்த குண்டு இறங்க மறுக்கும். அடையை இளக்கவே கொழுப்பு. அந்தக் கொழுப்பு ஒரு பேரரசையே உலுக்கியது. இந்தியாவில் கம்பனிப் படைக்கு வந்த புதிய என்ஃபீல்ட் துவக்கின் தோட்டா, மருந்தும் குண்டும் சேர்த்துச் சுற்றிய காகிதக் குழாய். குண்டு இருக்கும் முனையிலே கொழுப்புத் தடவப்பட்டிருக்கும். சிப்பாய் காகிதத்தைப் பல்லாற் கடித்துத் திறந்து, மருந்தைக் குழலிற் கொட்டி, காகிதத்தோடு குண்டை இடிக்க வேண்டும். அது பசுவின் கொழுப்பு, பன்றியின் கொழுப்பு என்ற செய்தி 1857ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே பரவியது. இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் ஒருங்கே பொறுக்கமுடியாத செய்தி. மே மாதம் 10ஆம் திகதி மீரட்டிலே கிளர்ச்சி வெடித்தது. காரணங்கள் பல, தீப்பொறி ஒன்று. ஒரு குண்டைக் குழலில் இறக்கும் வகையில், இறக்குபவனின் மனத்தையும் எண்ணிப்பார்க்க வேண்டும் என்பதை ஆட்சியாளர் மிகுந்த விலை கொடுத்துக் கற்றனர்.

நம் நாடு இக்கலையில் பிறருக்குப் பின்தங்கியிருக்கவில்லை. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே போர்த்துக்கேயர் வந்தபின் இங்கே துவக்கு பெருகியது. அந்நூற்றாண்டின் இறுதியில் கீழைநாடுகளைப் பற்றி எழுதிய ஒல்லாந்தரான லின்ஸ்கோட்டன், இலங்கைக் கம்மாளர் செய்யும் துவக்குக் குழல்களின் அழகையும் பளபளப்பையும் வியந்து போற்றியுள்ளார். கண்டி நாட்டுத் துவக்குகள் பலவற்றில் தீமூட்டும் பொறி இடப்பக்கத்தில் அமைந்திருப்பது ஒரு தனிச்சிறப்பு. கண்டியிலிருந்து ஒல்லாந்தர் கொண்டுசென்று அம்ஸ்ரர்டாம் நூதனசாலையிலே வைத்திருந்த ஆறு பொருள்களை 2023ஆம் ஆண்டில் நெதர்லாந்து நம் நாட்டுக்குத் திருப்பித் தந்தது. அவற்றுள் புகழ்பெற்ற லெவ்கே பீரங்கியோடு இரண்டு பெருந்துவக்குகளும் இருந்தன.

வன்னிக்கு வருவோம். 1803ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 25ஆம் திகதி பண்டாரவன்னியனின் படை முல்லைத்தீவில் ஆங்கிலேயரின் காவல் நிலையைத் தாக்கிக் கைப்பற்றியது. அங்கிருந்தவர்கள் கடல்வழியே யாழ்ப்பாணத்துக்குத் தப்பிச் சென்றனர். அதே ஆண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி அதிகாலையில், ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவில் டிறிபேர்க் என்ற அதிகாரியின் படை வன்னியனின் முகாமைத் திடீரெனத் தாக்கித் தோற்கடித்தது. அத்தோல்வியைக் குறித்து ஆங்கிலேயர் அங்கே கல்லொன்றையும் நட்டார்கள்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் வீரத்தின் கணக்கில் மட்டும் எழுதுகிறோம். இடியன் துவக்கின் இயல்பை அறிந்தவர்கள் ‘அதிகாலை’ என்ற சொல்லிலும் சிறிது நின்று செல்வார்கள். அக்காலத்துத் துவக்கு ஒன்றை நிரப்புவதற்கு மருந்து, குண்டு, தக்கை, இடிப்பு, கிண்ணத்து மருந்து என ஐந்து காரியங்கள் செய்ய வேண்டும். உறங்கி எழுபவனுக்கு அந்த ஐந்துக்கும் நேரம் ஏது? நிரப்பியே வைத்திருப்போம் என்றாலோ, காட்டுப் பனியிலும் மழையிலும் மருந்து ஈரம் குடித்துவிடும். ஈரமான மருந்து எவ்வளவு பெரிய வீரன் கையிலிருந்தாலும் பேசாது. ஆகவே நிரப்பாத துவக்கும் துன்பம்; நிரப்பி வைத்த துவக்கும் துன்பம்.

இரண்டாவது துன்பமே கொடியது. நாயாற்றுக் கோலின் இரண்டு வெட்டுக்களும் அதைப் பற்றியவையே.

பெரியவர் கோலை நிலத்தில் ஊன்றி, மருமகனுக்கு விளக்கினார். வெறுங்குழலுக்குள் கோலை விட்டால் அது அடிவரை போகும். அப்போது மேல் வெட்டுக் குழலின் வாயோடு ஒத்து நிற்கும். மருந்தும் குண்டும் ஒழுங்காக இட்டிருந்தால் அவற்றின் உயரத்துக்குக் கோல் மேலே நிற்கும்; அப்போது கீழ் வெட்டு வாயோடு ஒத்து நிற்கும். இரண்டு வெட்டும் வாய்க்கு மேலே தெரிந்தாலோ?

“அப்ப என்ன, ஐயா?”

“அப்ப துவக்குக்குள்ளே பிசாசு இருக்கு, தம்பி. ஒன்றில் இரண்டு தரம் போட்டிருக்கு. இல்லாட்டில் குண்டு மருந்திலே இருக்கேல்லை, இடைவழியிலே நிக்குது. விசையை அமத்தினால் குழல் வெடிக்கும்.”

இதன் காரணம் மாணவர்கள் அறிந்துகொள்ளத் தக்கது. குண்டு மருந்தின்மேல் நெருங்கி அமர்ந்திருக்கும்போது, மருந்து எரிந்து வாயுவாகும் கணத்திலேயே குண்டும் நகரத் தொடங்குகிறது. அமுக்கம் குண்டைத் தள்ளுவதிற் செலவாகிறது. குண்டு இடைவழியில் நின்றாலோ, வாயு வெற்றிடத்தில் வேகம் பெற்று வந்து, அசையாது நிற்கும் குண்டை அடைப்பாக எண்ணி மோதுகிறது. அவ்விடத்திலே அமுக்கம் சடுதியாக ஏறிக் குழல் வீங்கும், அல்லது பிளக்கும். குண்டு பெரிதா சிறிதா என்ற கேள்விக்குக் காலந்தோறும் விடை மாறியது. குண்டு மருந்தின்மேல் அமர்ந்திருக்க வேண்டும் என்ற விதி ஒருபோதும் மாறவில்லை. கைத்துப்பாக்கிக்கும் இதுவே விதி. பீரங்கிக்கும் இதுவே விதி.

“எனக்கு இதெல்லாம் மறக்காது” என்று மருமகன் சொன்னான். மறக்கும். மறந்த கதையொன்று உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரிலே 1863ஆம் ஆண்டு ஜூலை மாதம் கெட்டிஸ்பேர்க் என்னுமிடத்தில் மூன்று நாள் பெரும் சமர் நடந்தது. சமர்க்களத்திற் பொறுக்கியெடுத்த துவக்குகள் 27,000க்கு மேல். அவற்றுள் ஏறக்குறைய 24,000 துவக்குகள் நிரப்பியபடியே கிடந்தன. அவற்றிற் பாதிக்கு இரண்டு முறை உணவு ஊட்டப்பட்டிருந்தது; பலவற்றில் மூன்று முதல் பத்து முறை. ஒரு துவக்கின் வயிற்றில் இருபத்து மூன்று குண்டுகள்! பயிற்சி பெற்ற படைவீரர்களே இவர்கள். வெடியோசையும் புகையும் அச்சமும் சூழ்ந்த வேளையிலே, தன் துவக்கு வெடித்ததா இல்லையா என்பதை அறியாமலே மீண்டும் மீண்டும் இடித்திருக்கிறார்கள். ‘வெடித்திருக்கும்’ என்று எண்ணினார்கள்; கோலை விட்டுப் பார்க்கவில்லை.

இன்று இவ்வகைத் துப்பாக்கிகளைக் கொண்டு போட்டி நடத்துகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். முன்வாய்த் துவக்காளர்களின் அனைத்துலக அமைப்பு 1971ஆம் ஆண்டில் உருவானது. கைத்துப்பாக்கிப் போட்டியிலே இருபத்தைந்து மீற்றர் தூரத்திலுள்ள இலக்கை முப்பது நிமிடத்தில் பதின்மூன்று முறை சுட வேண்டும். சிறந்த பத்தே கணக்கில் எடுக்கப்படும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு வெடி! திரைப்படத்துக் கடற்கொள்ளைக்காரனுக்கு இங்கே இடமில்லை. அவர்கள் மருந்தைக் குடுவையிலிருந்து நேரே குழலிற் கொட்டமாட்டார்கள். உள்ளே எஞ்சிய தணல் ஒன்று பற்றினால் குடுவை முழுவதும் கையிலேயே வெடிக்கும். ஒரு வெடிக்கு வேண்டியதை மட்டும் தனியே அளந்து இடுவார்கள். இக்காலத்துப் புகையற்ற மருந்தை இத்துப்பாக்கிகளில் ஒருபோதும் இடமாட்டார்கள். அதன் அமுக்கத்தைப் பழைய குழல் தாங்காது. சுட்டு முடிந்ததும் சுடுநீரால் கழுவித் துடைத்து எண்ணெய் பூசுவார்கள். மருந்தின் அடை ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்றுவிடும்.

அது அவர்களின் நாடு. நம் நாட்டில் துவக்கு வைத்திருப்பதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச்சட்டம் அதை விதித்தது. வெடிமருந்துக்கு 1956ஆம் ஆண்டின் சட்டம் வேறு இருக்கிறது. இருந்தும் காட்டோரக் கிராமங்களில் இடியனின் குழல் ஒன்று, கட்டுத்துவக்கு என்ற பெயரில், பன்றியின் பாதையிலே களவாகக் கட்டி வைக்கப்படுகிறது. பன்றிக்கு வைத்தது யானைக் கன்றின் காலையும் முறிக்கும். விறகுக்குப் போன மனிதனின் முழங்காலையும் சிதைக்கும். கையிலே பிடித்த துவக்குக்குப் பின்னால் ஒரு கண்ணும் ஒரு மனச்சாட்சியும் உண்டு. கட்டுத்துவக்குக்கு இரண்டும் இல்லை.

நான் இவ்வளவையும் எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வன்னி மண் பல போர்களைக் கண்ட மண். 2009ஆம் ஆண்டு மே மாதம் கடைசிப் போர் முடிந்தது. கிணறு தோண்டும்போதும், வேலிக்குக் குழி வெட்டும்போதும், மாரி வெள்ளம் மணலை அரிக்கும்போதும் பழைய இரும்பு தலைகாட்டுவது இங்கே புதுமையல்ல. துருப்பிடித்த ஒன்றைக் கண்ட பிள்ளைகள் ‘இது பழசு, செத்துப்போனது’ என்று எடுத்து விளையாட விரும்புவார்கள். கரிமருந்துக்குச் சாவு எளிதில் வராது. ஈரம் புகாமல் அடைபட்டிருந்தால் அது நூறு ஆண்டு கடந்தும் தன் குணத்தை வைத்திருக்கும். 2008ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்தில், பழம்பொருள் சேர்ப்பதில் நீண்டகால அனுபவமுள்ள ஒருவர், உள்நாட்டுப் போர்க்காலத்துப் பீரங்கிக் குண்டொன்றைத் துப்புரவு செய்துகொண்டிருந்தார். நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உறங்கிய குண்டு அன்று விழித்தது. அவர் உயிர் பிழைக்கவில்லை.

அறிந்தவருக்கே அந்தக் கதி என்றால் அறியாத பிள்ளைக்கு என்ன கதி? ஆகவே மண்ணிற் கண்ட இரும்பைத் தொடவேண்டாம். கல்லால் எறிந்து பார்க்கவும் வேண்டாம். இடத்தை அடையாளம் வைத்து, பெரியவர்களிடமும் பொலிசாரிடமும் கண்ணிவெடி அகற்றுவோரிடமும் சொல்லுங்கள். வீட்டுப் பரணிலே பாட்டனார் காலத்துத் துவக்கோ கைத்துப்பாக்கியோ அகப்பட்டாலும் அப்படியே. அதைப் பரிசோதிக்க வேண்டியவன் அத்தொழில் தெரிந்தவன், நீங்களல்ல.

வெயில் சாய்ந்துவிட்டது. புறப்படும்போது மருமகன் அந்தக் கோலைக் கையில் வாங்கி, இரண்டு வெட்டுக்களையும் விரலால் தடவிப் பார்த்தான்.

“ஐயா, அப்புவின் உயிரை இது காப்பாற்றியது என்றீர்களே, எப்படி?”

“ஒரு மாரிக்காலம். இரவிலே பன்றி வந்திட்டுதெண்டு அப்பு அவசரத்திலே துவக்கை எடுத்தவர். அது வெறுந்துவக்கு எண்டுதான் நினைச்சவர். மருந்து போட முந்திப் பழக்கத்திலே கோலை விட்டுப் பாத்தார். கீழ் வெட்டு வாயோடே நிண்டுது. முதல் நாள் சித்தப்பா நிரப்பி வைச்சிட்டுச் சொல்ல மறந்திட்டார். அதுக்கு மேலே இன்னொரு தரம் போட்டிருந்தால்…” முதியவர் கோலை வாங்கிக்கொண்டார். “பன்றி போயிட்டுது. மரவள்ளி போயிட்டுது. அப்பு இருந்தார்.”

அந்தக் கோல் இன்று எந்தத் துவக்குக்கும் உரியதன்று. அதைக் குடிலின் கூரையிலே செருகி வைத்துவிட்டு, அவர் மீண்டும் வலையை மடியில் எடுத்துக்கொண்டு, பொத்தல்களை ஒவ்வொன்றாக விரலால் எண்ணத் தொடங்கினார்.